காசை எண்ணுமுன் பல்லை எண்ணுவோம்

பழைய பிக்கப் வண்டியின் பின் அக்சிலைப் பற்றி ஒரு கமக்காரன் எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். நான் மெக்கானிக் அல்லன். நெல்லும் உழுந்தும் விதைப்பவன். ஆனால் எமது குடியேற்றக் கிராமத்துச் சங்கத்தின் பொருளாளராக இருந்த காலத்தில் அக்சில் ஒன்றுக்குச் சங்கப் பணத்தை எண்ணிக் கொடுத்த கை என்னுடையது. அந்தப் பணம் வீணாகப் போனதையும் கண்ணால் கண்டவன் நான். அந்த உரிமையிலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

சொந்த நிலத்துக்குத் திரும்பியவர்களுக்கும் இன்னும் திரும்ப முடியாமல் வேறிடத்தில் கமம் செய்பவர்களுக்கும் ஒரு விடயம் பொதுவானது. மாரி தொடங்கினால் எமது பாதைகள் பாதைகளாக இருப்பதில்லை. குளம் வான் பாய்ந்தால் கிறவல் றோட்டு வாய்க்காலாகி விடும். அந்த நாட்களில் நான்கு சில்லும் இழுக்கும் ஒரு பழைய பிக்கப் இருந்தால் அதுவே நெல் வண்டி, பசளை வண்டி, ஆஸ்பத்திரி வண்டி எல்லாமாகும். புதிது வாங்குவது எம்மால் ஆகாத காரியம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வண்டிகளின் விலை ஏறியது. 2025இல் இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்த போதிலும் வரியோடு சேர்ந்த விலை எம் போன்றவர் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே எமது வழி. அதை எப்படித் திருத்துகிறோம் என்பதில்தான் என் வழக்கு.

எமது சங்கத்தின் வண்டி 1988க்கும் 1997க்கும் இடைப்பட்ட வடிவத்தைச் சேர்ந்த ரொயோட்டா ஹைலக்ஸ். சசி இலக்கம் எல்.என். 106 என்று தொடங்கும். டீசல் எஞ்சின், முன்னும் பின்னும் முழு அக்சில், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். எம்மவர்களிடையே நன்கு பழக்கமான வண்டி. 2021இல் அதன் பின்பக்கத்திலிருந்து ஊளை போன்ற ஒரு சத்தம் எழத் தொடங்கியது. கராஜில் காட்டினோம். "டிஃபரன்சல் போய்விட்டது, அக்சிலை முழுதாக மாற்றுங்கள்" என்றார்கள். கொழும்பில் ஒரு கடையிலிருந்து பாவித்த அக்சில் ஒன்று லொறியில் வந்து இறங்கியது. பார்க்க அச்சொட்டாக எங்களுடையது போலவே இருந்தது. ஆறு ஸ்டட்; அதே அகலம்; அதே ட்றம். பூட்டினார்கள், பூட்டுப்பட்டது. சத்தமும் நின்றது. கோடை முழுவதும் வண்டி நன்றாகவே ஓடியது. சங்கக் கூட்டத்தில் எனக்கு நன்றியும் சொன்னார்கள்.

மார்கழியில் ஒரு இரவு பிரசவ வலி கண்ட ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். சேறு கடக்க ஃபோர் வீல் போட்டோம். சேற்றைக் கடந்து தார் றோட்டில் ஏறியதும் லீவரைப் பின்னுக்கு எடுக்கப் பார்த்தால் அது அசையவில்லை. யாரோ பிறேக் பிடித்து வைத்திருப்பது போல வண்டி இறுகி இறுகி ஓடியது. ரயர்கள் கீச்சிட்டன. மூன்றாவது மைல் கடந்ததும் அடியில் ஒரு வெடி. முன் ப்ரொப்பெலர் ஷாஃப்டின் யூனிவேர்சல் உடைந்து தொங்கியது. வழியில் வந்த உழவு இயந்திரப் பெட்டியில் படங்கு விரித்து அந்தப் பிள்ளையைக் கொண்டு போனோம். தாயும் சேயும் சுகம். ஆயினும் அந்த ஒரு மணித்தியாலத்தை நான் மறக்கவில்லை.

பிறகு பக்கத்து ஊரில் வயதான ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தோம். அவர் ஸ்பானரைத் தொடவேயில்லை. ஒரு ஜக், ஒரு சுண்ணக்கட்டி, அவ்வளவுதான் கேட்டார். அரை மணி நேரம் சில்லைச் சுற்றி எதையோ எண்ணினார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, உங்கடை முன்பக்கம் நாப்பத்தியொண்டு, பின்பக்கம் நாப்பத்திமூண்டு. ரெண்டையும் ஒண்டாய் ஓடச் சொன்னால் எப்பிடி ஓடும்?"

இந்தக் கணக்கை ஒவ்வொரு கமக்காரக் குடும்பமும் விளங்கிக்கொள்ள வேண்டும். அக்சிலின் நடுவில் இருக்கும் உருண்டைக்குள் இரண்டு பற்சில்லுகள் உண்டு. பெரியது கிரவுன், சிறியது பினியன். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் பிரித்தால் வருவதே விகிதம். 41 பல்லுக்கு 10 பல் என்றால் 4.10. 43க்கு 10 என்றால் 4.30. 41க்கு 9 என்றால் 4.56. 39க்கு 8 என்றால் 4.88. இந்த நான்குமே ரொயோட்டா பிக்கப்புகளில் காணப்படுபவை. வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுதான். 4.10 என்றால் சில்லு ஒரு சுற்றுச் சுற்ற ப்ரொப்பெலர் ஷாஃப்ட் 4.10 சுற்றுச் சுற்றும் என்பதே பொருள்.

ஃபோர் வீல் போடும்போது முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ட்ரான்ஸ்பர் பெட்டி ஒரே வேகத்தில் பூட்டி விடுகிறது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று 41 அடி வைக்கும் தூரத்துக்கு மற்றது 43 அடி வைத்தால் என்ன நடக்கும்? சேற்றில் ரயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். காய்ந்த றோட்டில் வழுக்க இடமில்லை. இறுக்கம் முழுவதும் ஷாஃப்டிலும் ட்ரான்ஸ்பர் பற்களிலும் சேரும். லீவர் கழராமல் போவதற்கும் அதுவே காரணம். ஃபோர் வீல் போடாதவரை எந்தக் குறையும் தெரியாது என்பதே இதிலுள்ள பெரிய ஆபத்து. கோடையில் வாங்கிய பிழை மாரியில்தான் வெளிவரும். அதுவும் வண்டி மிகவும் தேவைப்படும் நாளில்.

அந்த முதியவர் எண்ணிய முறையை எவரும் செய்யலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூற்றலிலும் ட்ரான்ஸ்பரை இரண்டு சில்லு ஓட்டத்திலும் விட வேண்டும். பின்சில்லு ஒன்றை மட்டும் ஜக்கில் உயர்த்தி, சசியின் கீழ் உறுதியான முட்டு வைக்க வேண்டும். சில்லு சுற்றுவதற்காகக் கை பிறேக்கை விடுவிக்க வேண்டியிருப்பதால், தரையில் இருக்கும் மூன்று சில்லுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது கட்டாயம். இதைச் செய்யாமல் எவரும் வண்டியின் கீழ் தலை வைக்கக் கூடாது. ரயரிலும் ப்ரொப்பெலர் ஷாஃப்டிலும் சுண்ணக்கட்டியால் ஒவ்வொரு கோடு போடுங்கள். ஒருவர் உயர்த்திய சில்லைச் சரியாக 20 தரம் சுற்ற, மற்றவர் ஷாஃப்டின் சுற்றுக்களை எண்ண வேண்டும். மறு சில்லு தரையில் அசையாமல் நிற்பதால் கிரவுன் பாதிதான், அதாவது 10 தரம்தான் சுற்றும். ஆகவே ஷாஃப்ட் 41 சுற்றுச் சுற்றினால் விகிதம் 4.10, 43 என்றால் 4.30, நாற்பத்தைந்தரைக்குச் சற்று மேல் என்றால் 4.56, 48இலும் முக்கால் கூடினால் 4.88. இரண்டு சுற்றோடு நிறுத்திக் கண்ணால் மட்டிட்டால் 4.10க்கும் 4.30க்கும் வித்தியாசம் தெரியாது. அதனாலேயே 20.

முன் அக்சிலையும் இதே விதமாக எண்ணலாம். ஆனால் முன் சில்லுகளில் பூட்டித் திறக்கும் ஹப் இருந்தால் இரண்டையுமே பூட்டிய நிலையில் வைக்க வேண்டும். ஒன்று திறந்திருந்தால் கணக்குப் பிழைக்கும். வழுக்காத டிஃபரன்சல், அதாவது லிமிட்டட் சிலிப் உள்ள அக்சிலில் ஒரு சில்லை மட்டும் இப்படிச் சுற்ற முடியாது. அங்கே இரண்டு பின்சில்லையும் உயர்த்தி, இரண்டையும் ஒரே பக்கமாக 10 தரம் சுற்றினால் அதே எண் வரும்.

எஞ்சின் அறையில் இருக்கும் தகட்டில் அக்சிலின் குறியீடு அடித்திருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பர். பார்க்கத்தான் வேண்டும். உதிரிப்பாகப் பட்டியல் வைத்திருக்கும் கடைக்காரர் அந்தக் குறியீட்டைக் கொண்டு விகிதத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் அந்தத் தகடு வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் கதையை மட்டுமே சொல்லும். முப்பது வருடத்தில் எத்தனை கைகள் மாறியதோ, எந்தக் கராஜில் எதைக் கழற்றி எதைப் பூட்டினார்களோ அது அதற்குத் தெரியாது. எண்ணிப் பார்த்ததே உண்மை. கடையில் கிடக்கும் அக்சிலையும் அவ்வாறே எண்ணலாம். ஒருவர் ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடிக்க, மறுபக்க ஹப்பை 20 தரம் சுற்றிப் பினியன் முனையின் சுற்றை எண்ணினால் சரி. எண்ண விடாத கடையில் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இனி, எனக்கு இன்னும் அதிகம் வலித்த விடயத்துக்கு வருகிறேன். கழற்றிய பழைய அக்சில் சங்கக் கொட்டிலில் கிடந்தது. முதியவர் அதையும் திறந்தார். கிரவுனும் பினியனும் பழுதில்லாமல் இருந்தன. போனது இடது பக்கச் சில்லின் பெயாரிங் ஒன்று மட்டும். நாங்கள் ஒரு போகத்து மிச்சத்தைக் கொட்டி அக்சில் வாங்கியது ஒரு பெயாரிங்குக்காக!

சத்தம் வந்தவுடன் அக்சில் போய்விட்டது என்று முடிவு கட்டுவது பிழை. வளைவில் திரும்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் பெரும்பாலும் அது சில்லுப் பெயாரிங். அக்சிலரேற்றரை மிதிக்கும்போது ஒரு குரல், காலை எடுத்தால் வேறொரு குரல் என்றால் கிரவுன் பினியனைச் சந்தேகிக்கலாம். புறப்படும்போது மாத்திரம் ஒரு 'டொக்' கேட்டால் யூனிவேர்சலையோ தளர்ந்த யூ போல்டையோ முதலில் பாருங்கள். சில்லை உயர்த்தி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதற்கும், கையால் சுற்றிக்கொண்டு மறுகையை ஸ்பிரிங்கில் வைத்து நறநறப்பு வருகிறதா என்று தடவிப் பார்ப்பதற்கும் செலவில்லை. அக்சில் ஒயிலை வடித்து விரலிடையே தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை போன்ற தூள் தேய்மானத்தால் வருவது; பயமில்லை. இரும்புச் சிதறலோ பல்லின் துண்டோ வந்தால்தான் உள்ளே சேதம். (ஒயிலை வடிக்கும் முன் ஊற்றும் துளையின் அடைப்பைத் திறக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் வடித்துவிட்டுப் பிறகு மேல் அடைப்புத் துரும்பேறித் திறக்காமல் நிற்கும் கூத்தை நான் பார்த்திருக்கிறேன்.)

ஹைலக்ஸ் பின் அக்சிலில் பெயாரிங் மாற்றுவது பெரிய வேலை அன்று. ட்றத்தைக் கழற்றி, பிறேக் தட்டின் பின்னால் உள்ள நான்கு நட்டையும் கழற்றினால் பெயாரிங்கோடு சேர்ந்து அக்சில் தண்டு வெளியே வரும். பெயாரிங்கைத் தண்டிலிருந்து எடுக்கவும் புதியதை ஏற்றவும் பிரஸ் உள்ள பட்டறைக்குப் போக வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றிய பெயாரிங் நெடுநாள் வராது. உள்ளே கிரவுன்தான் போயிருந்தாலும் முழு அக்சில் தேவையில்லை. இதில் டிஃபரன்சல் உருண்டை முன்பக்கமாகத் தனியே கழன்று வரும் அமைப்பு. அதை மட்டும் மாற்றலாம். உருண்டையின் பின்புறத்தில் நட்டுப் பூட்டிய மூடி உள்ள வேறு வகை அக்சில்களில் பற்சில்லுகள் கூட்டுக்குள்ளேயே அமைந்திருப்பதால் இந்த வசதி இல்லை. முழு அக்சிலை மாற்றியே ஆக வேண்டிய இடம், கூடே வளைந்தோ வெடித்தோ போன இடந்தான். அதற்கும் காரணம் பெரும்பாலும் நாமே. 70 கிலோ மூடை 14 ஏற்றினாலே ஏறத்தாழ ஒரு தொன். அந்த வண்டியில் 30 மூடை அடுக்கி, மேலே இரண்டு பேரையும் ஏற்றிக் குளக்கட்டில் ஓட்டினால் அக்சில் வளையாமல் என்ன செய்யும்?

அப்படி முழுதாக மாற்றும்போது விகிதத்துக்கு அடுத்ததாக அளந்து பார்க்க வேண்டியவை சில உண்டு. ஸ்பிரிங் அமரும் இரு இருக்கைகளுக்கும் இடையிலான தூரம், ஸ்டட் எண்ணிக்கை (இரண்டு சில்லு ஓட்ட ஹைலக்ஸ்களில் பெரும்பாலும் 5, ஃபோர் வீலில் 6), ட்றத்தின் அளவு, கை பிறேக் கம்பி, ஷாஃப்ட் பூட்டும் தட்டின் துளைகள் என்பன. பாரத்துக்கு ஏற்பப் பின் பிறேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பி அக்சிலோடு இணைந்திருந்தால் அதற்குரிய கொக்கி புதியதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதை வெறுமனே கட்டிவிட்டு வெற்று வண்டியில் பிறேக் அடித்து வழுக்கி விழுகிறார்கள். யூ போல்டுகளைப் புதிதாக வாங்குங்கள். வண்டி தரையில் நிற்கும்போதே அவற்றை இறுக்கி, சில நாள் ஓடிய பின் மீண்டும் இறுக்க வேண்டும். பிறேக் குழாயைத் திறந்ததால் காற்றெடுப்பதும் கட்டாயம். மற்ற வேலைகளைக் கராஜ் அறியும்.

மூச்சுக்குழாயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அக்சிலின் மேல் ஒரு சிறு குழாய் உண்டு. அது சேற்றால் அடைபட்டால், சூடேறிய கூட்டுக்குள் அமுக்கம் ஏறி ஒயிலைச் சீல் வழியாகப் பிறேக் சப்பாத்தில் தள்ளும். சூடான அக்சில் திடீரென்று வெள்ளத்தில் இறங்கினால் குளிர்ந்து, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்தது என்று அறியலாம். எங்கள் பெயாரிங் போனதற்கும் இதுவே காரணம் என்பது அந்த முதியவரின் எண்ணம். அந்தக் குழாயில் ஒரு நீண்ட றப்பர் ரியூப்பை மாட்டி, அதன் முனையை உயரே பெட்டியின் மறைவில் கட்டிவிட்டால் போதும். இடுப்பளவு வெள்ளம் கடந்த மறுநாள் ஒயிலைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

நாம் ஏன் இவற்றையெல்லாம் கேட்காமல் வாங்குகிறோம்? 1990 முதல் 2002 வரை பொருளாதாரத் தடை இருந்த காலத்தை எம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் கார் ஓடியது. உதிரிப்பாகம் இல்லை; ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் பொருத்தி ஓட்டினோம். பொருந்தினால் சரி என்பதே அன்றைய சட்டம். அந்தச் சாமர்த்தியம் எம்மைக் காப்பாற்றியது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று கிடைத்ததைப் பூட்டியவர்கள் இன்று காசு கொடுத்துத் தெரிவு செய்கிறார்கள். பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஒன்றுக்குப் பத்து அக்சில் கிடக்கும். தெரிவு உள்ள இடத்தில் "பொருந்தினால் சரி" என்பது சாமர்த்தியம் அல்ல, சோம்பல்.

சரியான விகிதம் எங்கும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வண்டியிலிருந்து கழற்றிய டிஃபரன்சல் சோடியாக வாங்குவது நல்லது. அதற்கு வசதி இல்லையேல், முன் ப்ரொப்பெலர் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு சில்லு வண்டியாக ஓட்டலாம். லீவரில் ஒரு சிவப்புத் துணியையும் கட்டி விடுங்கள். கோடைக்கு அது போதும். ஆயினும் மாரியில் சேறு கடக்காத பிக்கப்பை ஒரு சங்கம் எதற்காக வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வி வரும். டிஃபரன்சலை உள்ளே வெல்ட் பண்ணி இரண்டு பின்சில்லையும் ஒன்றாக்கும் வேலையை மட்டும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். சேற்றில் இழுக்கும் என்பது உண்மைதான். தார் றோட்டில் திரும்பும்போது ரயரைத் தின்று, தண்டை முறிக்கும்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டிக்கு ஒரு கொப்பி வையுங்கள். முதல் பக்கத்தில் முன் விகிதம், பின் விகிதம், ரயர் அளவு, எண்ணிய திகதி, எண்ணியவர் பெயர். (நான்கு ரயரும் ஒரே அளவாக இல்லாவிட்டாலும் இதே இறுக்கம் வரும் என்பதால் ரயரையும் சேர்த்தேன்.) சாரதி ஒருவரிடம் மாத்திரம் இந்த அறிவு இருப்பதும் போதாது, அவர் வெளிநாடு போனால் அறிவும் போய்விடும். எமது கிராமத்தில் அன்று ஷாஃப்டின் சுற்றுக்களை எண்ணியவள் க.பொ.த. சாதாரண தரம் எழுதியிருந்த ஒரு பெண்பிள்ளை. முதியவர் இடையில் பேச்சுக் கொடுத்தபோதும் அவள் எண்ணிக்கை தவறவில்லை. இப்போது கொப்பியை எழுதுபவளும் அவள்தான்.

எமது பழைய அக்சில் புதுப் பெயாரிங்கோடு வண்டியின் கீழ் திரும்பவும் ஏறிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய மற்றது சங்கக் கொட்டிலுக்குப் பின்னால் புளியமரத்தின் கீழ் கிடக்கிறது. கோழிகள் அதில் ஏறி நிற்கின்றன. அதில் குறை ஒன்றும் இல்லை. உங்கள் ஊரில் யாரிடமாவது முன்பக்கம் 43 எண்ணும் ஹைலக்ஸ் இருந்தால் வந்து பாருங்கள். நாங்கள் சொல்வதை நம்ப வேண்டாம். சுண்ணக்கட்டி கொண்டு வந்து எண்ணிப் பார்த்தே எடுத்துச் செல்லுங்கள்.